பங்கர் வகுப்பின் கதிரைகள்

அஜின்கோர்ட்
06.01.2025

அன்புத் தங்கச்சி மலருக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அங்கேயும் உன் கோபத்தைத் தவிர மற்றதெல்லாம் சுகமாயிருக்கும் என்று நம்புகிறேன்.

ஐம்பத்து நாலு வயதில் தங்கைக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரி, உன் மச்சாள் பாலேஸ்வரிதான் காரணம். புதுவருடத்தன்று நீ போனை அடித்து வைத்த பிறகு அவ சொன்னா: "அண்ணனும் தங்கச்சியும் போனில கதைச்சா எனக்குப் பிரஷர் ஏறுது. இனி எழுதுங்கோ. எழுதேக்க ஒருதரும் குறுக்கால கதைக்கேலாது." யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. தபால்காரர்களின் வேலைநிறுத்தமும் முடிந்துவிட்டது. ஆகவே இதோ, குறுக்கே கதைக்காமல் கேள்.

மாசி பதினைந்தாம் திகதி, சனிக்கிழமை மாலை. ஸ்காபரோவில் மண்டபம் பிடித்தாயிற்று. "பங்கர் வகுப்பு மாணவர் ஒன்றுகூடல்" என்று அழைப்பிதழும் அடித்தாயிற்று. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பார்க்டேல் பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில் நம்மோடு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். மூக்குடைந்த துஷாந்த் இப்போது கல்கரியில் பல் டொக்டர், அவனும் வருகிறான். ஊர்ப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் இந்த நகரத்தில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, நாம் இங்கே படித்ததற்குத்தான் ஒன்றும் இல்லை என்று குறைப்பட்டது நீ. மார்சியாவைத் தேடிப் பிடித்தது நீ. அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தொடங்கியதும் நீ. ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். ஆம், பிரதம விருந்தினர் நம்முடைய அந்தக்கால வெள்ளைக்கார அதிபர் லோசன்தான். ஒரு பள்ளிக்கூட விழா என்றால் யாரைக் கூப்பிடுவது? செயற்குழுவில் ஒருவர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. மண்டபத்தைப் பொறுப்பெடுத்த நகைக்கடைக் கிறிஸ்துநாயகம், "அதிபர் இல்லாமல் விழாவோ?" என்று என்னையே கேட்டார். லோசனுக்கு எண்பத்தாறு வயது. மார்க்கம் நகரத்தில் முதியோர் இல்லமொன்றில் இருக்கிறார். போனில் என் பெயரைச் சொன்னேன். உடனே, "ஜே, அந்தக் கோட் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். அலுமாரியில் இருக்கிறது என்றேன்.

மார்சியா சிறப்பு விருந்தினர். அவருக்கும் பொன்னாடை உண்டு, கேடயம் உண்டு, பேச நேரமும் உண்டு. ஒருவரையும் குறைக்கவில்லை. அவரை அறிமுகப்படுத்திப் பேச வேண்டியவள் நீ. வருகிறாய்தானே?

அன்புடன்,
அண்ணை ஜெயரட்ணம்


ஒஷாவா
12.01.2025

அண்ணைக்கு,

கடிதமும் அழைப்பிதழும் கிடைத்தன. நல்ல மினுங்கல் தாள். நடுவில் லோசனின் படம், பக்கத்தில் நகைக்கடை, கீழ் மூலையில் முத்திரை அளவில் மார்சியா. பார்த்ததும் மச்சாளின் பிரஷர் எனக்கு வந்துவிட்டது.

நான் ஏன் போனை வைத்தேன் என்று உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்றால், நீங்கள் என்னோடுதான் படித்தீர்களா என்றே சந்தேகமாயிருக்கிறது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். இப்போது உங்கள் முறை, குறுக்கே கதைக்காமல் வாசியுங்கள்.

எண்பத்தேழில் அகதியாக வந்து இறங்கினோம். எனக்குப் பதினைந்து, உங்களுக்குப் பதினேழு. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு அடிபாடு நடந்தது. மூக்கு உடைந்தது எங்கள் துஷாந்துக்கு, தண்டனையும் எங்களுக்கே வந்தது. தண்டனை என்று சொல்லவில்லை, எங்களுடைய பாதுகாப்பு என்றார்கள். எந்த வகுப்பு, எவ்வளவு படித்தது என்ற கணக்கில்லாமல், தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரையும் கொதிகலன் அறைக்குப் பக்கத்து அறையில் இறக்கினார் உங்கள் லோசன். முன்வாசல் எங்களுக்கு இல்லை, குப்பைத் தொட்டிப் பக்கத்துக் கதவுதான். மற்றப் பிள்ளைகளோடு சாப்பாடு இல்லை, சமையலறையில் அடுப்பு மூட்டமுதலே எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்துவிடும். ஆங்கிலம் வரும்வரை இரண்டு மாதம் என்றார். ஒரு வருடம் தாண்டியும் அங்கேயேதான் இருந்தோம்.

ஊரில் கணிதத்தில் டி என்ற அதிவிசேட சித்தி எடுத்துவிட்டு வந்த உங்களுக்கு நிறப் பென்சிலும் பூசணிக்காய்ப் படமும் தந்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு செம்மஞ்சள் தீட்டினீர்கள். பங்கர் என்று அந்த அறைக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தான். "ஊரில குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள போனம், இஞ்ச படிக்கிறதுக்குப் போறம்" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள். வீட்டில் சொன்னால் அப்பாவுக்கு நடுக்கம். "கேஸ் இன்னும் முடியேல்லை. வந்த இடத்தில வாயைத் திறக்காதேங்கோ" என்றார். அகதி வழக்கு முடியாத வீட்டில் வேறென்ன சொல்வார், பாவம்.

அப்போதுதான் மார்சியா வந்தாள். மேலே கடைசி வகுப்பில் படித்த கறுப்பினப் பிள்ளை. எங்களில் ஒருவரின் பெயரும் அவளுக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலையில் தன் வகுப்புக் கதிரையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள். "நீ இந்த வகுப்பில்லையே" என்றார் ஆசிரியை. "இது என்ன வகுப்பு?" என்று மார்சியா கேட்டாள். ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார். அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டடத்தில் ஒருவரிடமும் பதில் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் இன்னும் சில கதிரைகள் இறங்கின. ஒரு வியட்நாம் பெடியன், போர்த்துக்கேயப் பெட்டை ஒருத்தி, மார்சியாவின் சிநேகிதிகள். கிழமை முடியமுதல் படிக்கட்டில்கூட இடமில்லை. லோசன் வந்து எல்லாரையும் மேலே போகச் சொன்னார். "இவர்களும் வந்தால் நாங்களும் வருகிறோம்" என்றாள் மார்சியா. சத்தம் போடவே இல்லை. அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து இடைநிறுத்தினார். பல்கலைக்கழகத்தில் கிடைத்திருந்த இடம் அதோடு போயிற்று. அவள் வராத முதல் நாள், நாங்கள் எங்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு முன்படியால் மேலே ஏறினோம். பங்கர் அன்றோடு முடிந்தது. வரிசையில் முதல் ஆள் நீங்கள், அண்ணை. உங்கள் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் ஏறினேன்.

எங்களைக் கீழே இறக்கியவருக்கு நடுக்கதிரை, எங்களுக்காகக் கீழே இறங்கி வந்தவளுக்கு ஓரக்கதிரை என்றால் அந்த விழாவுக்கு நான் வரமாட்டேன். மார்சியாவிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் பிந்தி ஒரு நன்றி சொல்லப் புறப்பட்டோம், அதையும் பிழையாகச் சொல்லப்போகிறோம்.

மச்சாளைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.

யோகமலர்


அஜின்கோர்ட்
18.01.2025

மலர்,

உன் கடிதத்தை வாசித்து மச்சாள் அழுதா. நான் அழவில்லை. மூக்கை உறிஞ்சியது தடிமனால் என்று சொல்லிவிட்டேன்.

நீ எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, பூசணிக்காய் உட்பட. ஆனால் நீ எழுதாத ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் ஒழுங்காக நான் சொன்னதும் இல்லை.

வந்த முதல் பனிக்காலம். கொழும்பில் வாங்கிய மெல்லிய ஜக்கெற்றோடு பள்ளிக்கூட வாசலில் நின்றேன். நின்றேன் என்பதைவிட ஆடினேன் என்று சொல்லலாம். லோசன் தன் காருக்குப் போனவர், திரும்பி வந்தார். தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டு, கழுத்துப் பொத்தான்வரை தானே பூட்டிவிட்டார். பிறகு வெறும் சேர்ட்டோடு பனிக்குள் நடந்து போனார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த பழைய உடுப்பல்ல, மலர். ஒரு மனிதன் தன் உடம்பிலிருந்து கழற்றித் தந்தது. உள்ளே அவருடைய சூடு இருந்தது. இந்த நாட்டில் என்னை முதலில் தொட்டுப் பேசியவர் அவர்தான்.

அதே ஆள்தான் அடுத்த மாதம் நம்மைக் கீழே இறக்கினார். இரண்டையும் ஒரே மனிதனுக்குள் எப்படி வைப்பது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. தெரியாததால் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன். நீ கோபப்பட்டாய், நான் பங்கர் என்று பெயர் வைத்தேன். ஆளுக்கு ஒரு வழி.

கோட்டுக்கு நன்றி சொல்வதென்றால் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு, மேடையில் ஏற்றாதே என்று நீ சொல்வாய். அதையே மச்சாளும் சொல்லிவிட்டா. பெண்கள் இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியவன்தான்.

ஒன்று செய். மார்சியாவிடம் நீயே போய் உண்மையைச் சொல். லோசன் வந்தால் தான் வரவில்லை என்று அவர் சொன்னால், நான் விழாவையே நிறுத்துகிறேன். கிறிஸ்துநாயகம் குதிக்கட்டும், அழைப்பிதழ் குப்பைக்குப் போகட்டும். அம்மாவாணைச் சத்தியம்.

அண்ணை


ஒஷாவா
27.01.2025

அண்ணைக்கு,

நேற்று மார்சியாவிடம் போனேன். இன்னும் பார்க்டேலில்தான் இருக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

நீளமான நன்றிப் பேச்சொன்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கதவைத் திறந்ததும் எல்லாம் பறந்துவிட்டது. "நான் உனக்குப் பக்கத்தில் இருந்தவள்" என்று மட்டும்தான் வந்தது. "ஓம், நிறப் பென்சில்களை நிறவாரியாக அடுக்கி வைப்பாய்" என்றாள். அவள் கதைத்தது ஆங்கிலத்தில், நான் நம்முடைய கதையில் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் போகக் கிடைக்காததால் சில வருடம் அலைந்துவிட்டு, பிறகு வீதித் தண்டவாளத்தில் ஸ்ட்ரீட்கார் ஓட்டும் வேலையில் சேர்ந்திருக்கிறாள். ஓய்வுபெறும்வரை குயின் வீதியில்தான் ஓட்டினாளாம். "எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையள் அந்த நிறுத்தத்திலதான் ஏறுவினம். எல்லா நிறப் பிள்ளையளும் முன்வாசலால ஓடி வருவினம். அதைப் பாத்தாப் போதும் எண்டு இருந்தனான்" என்றாள். பிறகு, "உங்களில ஆராவது ஒருநாள் ஏறி, நான் அந்த அறையில இருந்தனான் எண்டு சொல்லுவியள் எண்டும் பாத்தனான்" என்றாள்.

நாங்கள் ஏறியிருப்போம், அண்ணை. ரிக்கெற்றைக் காட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே பின்னால் போயிருப்போம். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஏன் அன்றைக்கு வந்தாய் என்று கேட்டேன். அவளுடைய அம்மா வின்சர் பக்கத்தில் பிறந்தவராம். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம். ஒன்ராறியோவில் அப்படியான கடைசிப் பள்ளிக்கூடம் மூடியது அறுபத்தைந்தில்தானாம். அதெல்லாம் அமெரிக்காவில்தான் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். குப்பைத் தொட்டிப் பக்கத்தால் நாங்கள் வரிசையாக உள்ளே போவதை மார்சியா வீட்டில் போய்ச் சொல்ல, அந்த அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ என்ன, பாத்துக்கொண்டோ நிண்டனி?" என்று கேட்டாராம். மார்சியா அன்றிரவு படுக்காமல் யோசித்தாளாம். யோசித்ததில் கதிரைதான் வந்ததாம். "கத்தத் தெரியாது, எழுதத் தெரியாது. கதிரை தூக்கத் தெரியும்" என்று சிரித்தாள்.

நானும் ஒன்று சொன்னேன். எங்கள் அம்மா ஊரில் படித்த காலத்தில், சாதி குறைவு என்று சொல்லிச் சில பிள்ளைகளை வாங்குப் பலகையில் இருக்க விடாமல் நிலத்தில் இருத்தினார்கள் என்று. "உன்ர அம்மா எங்க இருந்தவ?" என்று கேட்டாள். "வாங்கில" என்றேன். தேத்தண்ணியை இன்னொருதரம் ஊற்றினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நிலத்தில் இருந்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வந்தேன். அவர்களுக்குப் பக்கத்தில் அம்மா ஒருநாளாவது இறங்கி இருந்திருக்கலாம்.

கடைசியில் லோசனைப் பற்றிச் சொன்னேன். கோட்டைப் பற்றியும் சொன்னேன், நியாயமாக இருக்கவேண்டும்தானே. "இன்னும் உயிரோட இருக்கிறாரோ?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு, "வரட்டும். நானும் வாறன். மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். அந்தப் பிள்ளையளின்ர முகங்களைப் பாக்கவேணும், அவ்வளவுதான்" என்றாள்.

ஆகவே நீங்கள் விழாவை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் நான் வரவில்லை. பெருந்தன்மை அவளுக்கு இருக்கிறது, எனக்கு அவ்வளவு இல்லை. லோசனின் தோளில் பொன்னாடை விழுவதைப் பார்க்க என் கண்ணுக்குத் தெம்பில்லை.

யோகமலர்


அஜின்கோர்ட்
04.02.2025

மலர்,

அவசரமாக எழுதுகிறேன்.

செயற்குழுவைக் கூட்டி உன் இரண்டு கடிதங்களையும் வாசித்துக் காட்டினேன். கோபிக்காதே. கிறிஸ்துநாயகம் எழும்பிப் போனார், கொத்துரொட்டி வந்ததும் திரும்பி வந்தார். முடிவு இதுதான்: பிரதம விருந்தினர் என்று ஒருவரும் இல்லை. பொன்னாடையும் ஒருவருக்கும் இல்லை. விளக்கேற்றுவது மார்சியா. லோசன் வெறும் விருந்தாளி. முன்வரிசையில் இவர் ஒரு கரை, அவர் மறு கரை. வரவேண்டாம் என்று அந்தக் கிழவனுக்குச் சொல்ல என் வாய் வரவில்லை. இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

முன்வரிசையில், மார்சியாவுக்குப் பக்கத்தில், வெள்ளை உறை போட்ட கதிரையில் உன் பெயரை ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பனி கொட்டுமாம், கவனமாக வா. வராவிட்டாலும் கதிரை இருக்கும்.

அண்ணை


அஜின்கோர்ட்
16.02.2025

மலர்,

நீ வரவில்லை. பதிலும் போடவில்லை. அதற்குச் சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அப்படியிருந்தும் மண்டபத்தில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். ஐந்து மணி என்று அழைப்பிதழில் போட்டால் ஆறரைக்கு வருவோம். ஐந்து மணிக்கே வந்த ஒரே ஆள் மார்சியா. அந்த நேரத்தில் நான் மார்க்கம் முதியோர் இல்லத்தில் லோசனைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் நின்றது என் மகன் ஜதுர்சன். முன்வரிசையில் கண்டவர்களும் வந்து இருந்துவிடாமல் பார்த்துக்கொள் என்று அவனுக்கு நான்தான் கட்டளை போட்டிருந்தேன். பெயர்கள் அதுவரை ஒட்டப்படவில்லை. அழைப்பிதழில் முத்திரை அளவில் போட்ட முகம் அவனுக்கு எப்படித் தெரியும்? "சொறி மேம், திஸ் றோ இஸ் றிசேர்வ்ட்" என்று சொல்லியிருக்கிறான். அவர் சிரித்துவிட்டுப் பின்னால் போய், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் இருந்துவிட்டார்.

எனக்கு இதொன்றும் தெரியாது. மேடையில் ஏறிப் பார்க்கிறேன், உன் கதிரையும் வெறுமை, அவர் கதிரையும் வெறுமை. நீதான் வரவேண்டாம் என்று அவரை மறித்துவிட்டாய் என்று நினைத்து உன்னை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். "பெருமதிப்புக்குரிய" என்று தொடங்கியவன், அங்கே தூரத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் வந்து போகும் கதவடியில் ஒரு நரைத்த தலையைக் கண்டேன். மைக்கில் "மார்சியா?" என்றேன். அவர் கையை உயர்த்தினார், வகுப்பில் பெயர் கூப்பிட்டால் உயர்த்துவோமே அப்படி.

ஜதுர்சனுக்கு முகம் வெளிறிவிட்டது. மேடைக்குக் கீழே வந்து நின்று, "அப்பா, ஐ டிட்ன்ட் நோ. நான்தான் பின்னுக்குப் போகச் சொன்னனான்" என்றான்.

என் பிள்ளை, மலர். அவன்மேல் பிழையில்லை. வரிசை போட்டவன் நான், காவல் வைத்தவன் நான். லோசனும் இப்படித்தான் ஒரு வரிசை போட்டிருப்பார், நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு.

மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். முன்வரிசையில் என் பெயர் போட்ட கதிரையைத் தூக்கினேன். முழங்கால் ஒரு பக்கம் இழுக்க, வயிறு ஒரு பக்கம் இழுக்க, மண்டபத்தின் நடுவால் நடந்து போய், மார்சியாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தால் துஷாந்த் தன் கதிரையோடு வருகிறான். அவனுக்குப் பின்னால் அடுத்த ஆள். அதற்குப் பின்னால் எல்லாரும். ஐம்பது தாண்டிய பெண்கள் பட்டுச்சேலையோடு கதிரை தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! கதிரைக்கால்கள் ஒன்றோடொன்று இடிபடும் அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். அந்தப் படிக்கட்டில் கேட்ட அதே சத்தம். மார்சியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழவும் செய்தார். உன் கதிரையை மச்சாள் தூக்கி வந்து அவருக்கு மற்றப் பக்கத்தில் போட்டா. கிறிஸ்துநாயகம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தானும் ஒன்றைத் தூக்கினார்.

முன்னால் மிஞ்சியது லோசன் ஒருவர்தான். வெள்ளை உறை போட்ட கதிரையில், எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு. மெதுவாக எழும்பினார். நடைவண்டியை ஒருபக்கம் விட்டுவிட்டுக் கதிரையின் முதுகைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார். நான் பாய்ந்து எழும்பினேன். கோட் தந்த கையல்லவா. மார்சியா என் கையைப் பிடித்தார். "விடுங்கோ ஜே. அவரே கொண்டு வரட்டும்."

சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் லோசனுக்குக் கேட்டது. தலையை ஆட்டினார். பிறகு தள்ளினார், நின்றார், மூச்சு வாங்கினார், திரும்பத் தள்ளினார். கதிரை நிலத்தில் உராயும் சத்தம் மட்டும்தான். எங்களில் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை, எல்லாரும் எழும்பி நின்று பார்த்தோம். கடைசியில் வந்து சேர்ந்ததும் மார்சியா தன் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

லோசன் நின்றபடியே சொன்னார்: "மார்சியா, அந்த அறையில் நான் ஒருநாளும் இருந்து பார்க்கவில்லை. உன்னை அனுப்பியது பிழை. இவர்களைக் கீழே வைத்தது அதைவிடப் பெரிய பிழை." ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

மார்சியா அவரைப் பார்த்தார். "இப்ப இருங்கோ" என்றார். அவர் இருந்தார்.

பிறகு விளக்கைப் பின்னால் தூக்கி வந்தோம். பேச்சு, பாட்டு ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொருவராக மார்சியாவுக்கு முன்னால் வந்து பெயரைச் சொல்லும்படி அவர் கேட்டார். அன்றைக்கு எங்களில் ஒருவரின் பெயரும் அவருக்குத் தெரியாதுதானே. எல்லாப் பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு முறிந்தது, ஆனால் விடவில்லை. துஷாந்த், "உங்களால்தான் நான் கணக்கு வகுப்புக்குப் போனேன்" என்று சொல்ல வந்தவன், பாதியில் சின்னப்பிள்ளை போல விம்மினான். நான் நான்கு பக்கத்தில் எழுதி வைத்திருந்த உரையில் மிஞ்சியது "நன்றி" என்ற ஒரு சொல்தான். அதைச் சொன்னேன்.

கோட்டைக் கொண்டுபோயிருந்தேன், மேடையில் காட்டுவதற்கு. காட்டவில்லை. லோசன் வெளியே வரும்போது பனி கொட்டியது. அவருடைய தோளில் போட்டுக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிவிட்டேன். அவருடையதுதானே.

நடுவில் உனக்கென்று ஒரு கதிரை கடைசிவரை இருந்தது, மலர். மார்சியா அதில் ஒருவரையும் இருக்க விடவில்லை.

அண்ணை


ஒஷாவா
21.02.2025

என் அண்ணைக்கு,

நான் புறப்பட்டேன்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பிடிவாதம் திரும்ப வந்து என் கையைப் பிடித்துவிடும். விழாவுக்கு முந்திய கடிதத்தில், வராவிட்டாலும் கதிரை இருக்கும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிதான் என்னைக் கிளப்பியது. நீலச் சேலை உடுத்து, அதற்குக் கீழே பனிச்சப்பாத்தும் போட்டு, மார்சியாவுக்கென்று சுட்ட பயத்தம் பணியாரத்தையும் எடுத்துக்கொண்டு பின்னேரம் மூன்று மணிக்கே காரில் ஏறினேன். ஏஜாக்ஸ் தாண்டியதும் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஒரு லொறி குறுக்கே சறுக்கி, வீதி அடைபட்டுவிட்டது. முன்னாலும் போகேலாது, பின்னாலும் போகேலாது. போன் எடுக்கலாம்தான். வரமாட்டேன் என்று எழுதியவள், வந்துகொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். இருட்டி வெகுநேரமாகும்வரை அந்தக் காருக்குள் இருந்து, பக்கத்துக் காரில் அழுத ஒரு குழந்தைக்கும் அதன் தாய்க்கும் பாதிப் பணியாரத்தைக் கொடுத்து முடித்தேன். வீதி திறந்தபோது விழா முடிந்திருக்கும் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நீங்கள் கதிரை தூக்கிய நேரத்தில் நான் வீதியில் இருந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தை வாசித்ததும் வாய்விட்டு அழுதேன். இவர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். "ஒண்டுமில்லை, என்ர அண்ணை கதிரை தூக்கிப்போட்டார்" என்றேன். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஜதுர்சன் போன் எடுத்தான். உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டான். "மாமி, இதை ஏன் எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லை?" என்று கேட்டான். பதினைந்து வயதில் நடந்ததை ஐம்பத்திரண்டிலும் வெட்கம் போல மூடி வைத்திருந்தோம், வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்று தெரிந்தும். புதன்கிழமை அவனும் நானும் மிச்சப் பணியாரத்தோடு மார்சியாவிடம் போனோம். அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். "நீ உன்ர வேலையைத்தான் செய்தனி. ஆனா அடுத்த முறை, இந்த வரிசை ஆருக்கு எண்டு ஒருக்காக் கேள்" என்றாள் மார்சியா. அவன் தலையாட்டினான். என் பெயரை இப்போது அவள் திருத்தமாகச் சொல்கிறாள்.

திரும்பும்போது மார்சியாவும் கூட வர, மூன்று பேருமாகப் பள்ளிக்கூடத்தடியால் நடந்தோம். பள்ளிக்கூடம் விடும் நேரம். முன்வாசல் திறந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். திபெத்துப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், நம் சாயலில் இரண்டொருவர். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. மார்சியா கையைக் கட்டிக்கொண்டு நின்று கடைசிப் பிள்ளை போகும்வரை பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, நாங்கள் நன்றி சொல்லாவிட்டாலும் இவள் குறைந்துபோயிருக்க மாட்டாள், குறைந்துபோயிருப்பது நாங்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

மச்சாளிடம் சொல்லுங்கள், பிரஷர் மாத்திரையை எடுத்து வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறேன். லோசனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள், நானும் வந்து பரிமாறுகிறேன். கோட்டுக்காக, அந்தக் கதிரையைத் தள்ளியதற்காக.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் தங்களுக்குள் நன்றி சொல்லும் பழக்கம் நமக்கில்லை. சொன்னால் அந்நியம் போலிருக்கும் என்று அம்மா சொல்வா. நன்றி சொல்லாத அந்தப் பழக்கத்தால்தான் மார்சியா இவ்வளவு வருடம் காத்திருந்தாள். ஆகவே உங்களை நான் காக்க வைக்கப்போவதில்லை, அண்ணை.

அன்றைக்கு அந்த அறையிலிருந்து முதல் கதிரையைத் தூக்கினீர்களே, அதற்கு நன்றி. சனிக்கிழமை திரும்பவும் தூக்கினீர்களே, அதற்கும்.

உங்கள் தங்கச்சி,
மலர்